வாயைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்

"நீ போ… நீ போய்க்கினே இரு" என்று கையை வீசிப் பின்னால் வந்த டிராக்டரை முன்னால் அனுப்பிவிட்டார் தெய்வசிகாமணி. அதற்கடுத்து வந்ததையும் அப்படியே அனுப்பினார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் யார்டில் கரும்பு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள், ஒரு வண்டி இடத்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கத் தயாராக இருப்பார்கள். இவர் ஒருவர்தான் தன் வண்டியை ஓரம் ஒதுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, வரிசையின் கடைசியைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். சில வாரங்களாகவே இப்படித்தான்.

பின்னால் யாரும் இல்லை என்பது நிச்சயமானதும் டிரெய்லரின் நிழலில் காய்ந்த கரும்புச் சோகையை உதறிப் பரப்பினார். தோளில் கிடந்த துண்டை நீளவாக்கில் மடித்து, வாயின் மேல் வைத்து, பின்கழுத்துக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். தளர்வாக இருப்பதாகப் பட்டது. அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். அப்புறம்தான் படுத்தார். தூசிக்குப் பயந்து கட்டிக்கொள்கிறார் என்று ஆலைக் காவலாளி நினைத்தார். பல்வலி என்றார் இன்னொருவர். தூக்கத்தில் தன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு மனிதர் வாயைக் கட்டிக்கொள்வார் என யாருக்குத் தோன்றும்?

விழித்திருக்கும்போது அந்த வாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அறுபதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அரங்கநாதன் என்கிற நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டுகிறார். டிராக்டர் இரண்டு முறை மாறிவிட்டது, இவர் மாறவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டால் "ம்" என்பார். "எந்த ஊரு லோடு?" என்றால் அதற்கும் "ம்" சொல்லி மோவாயால் கிழக்கைக் காட்டுவார். ஆமாம், இல்லை, தெரியாது, உன் வேலையைப் பார் என்பதையெல்லாம் அந்த ஒற்றை எழுத்தை இழுத்தும் வெட்டியுமே சொல்லிவிடுவார். பழகினவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மற்ற டிராக்டர்களில் பீரோ மாதிரி ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர்ந்துகொண்டிருக்கும். இவர் வண்டியில் பாட்டு கிடையாது. யார்டு வாசல் டீக்கடையில் இவருக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. "நாளு பூரா இந்த வாசனையிலதான் கெடக்கறேன், அதுக்கு மேல இன்னாத்துக்கு சக்கர?" என்று ஒரு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான் என்று டீக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன் இருக்கும். அதில் முதலாளியைத் தவிர வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

யார்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அரவைக் காலத்தில் டோக்கன் வாங்கி எடைமேடைக்குப் போய்ச் சேர அரை நாளும் ஆகும், முழு நாளும் ஆகும். டிரைவர்கள் கிடைத்த நிழலில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். வரிசை நகர்ந்தால், பின்வண்டிக்காரர் இறங்கிப் போய் முன்வண்டிக்காரரை எழுப்ப வேண்டும். எழுப்பாமல் தாண்டிப் போகக் கூடாது. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் இரண்டு பேர் ஒருமுறை அடுத்தடுத்து நிற்க நேர்ந்தது. பின்னால் இருந்தவர் முன்னால் இருந்தவரின் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி எழுப்பிவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் நிற்பவரை நம்பித்தான் இங்கே எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள்.

தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம், தெய்வசிகாமணிக்குப் பின்னால் அஜித்குமாரின் வண்டி நின்றது. சங்கராபுரம் பக்கத்துக்காரன். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். டிராக்டருக்குப் பூமாலை போட்டு, கலர் பல்பு மாட்டி, அது சேற்றில் உறுமி ஏறுவதைப் படம் பிடித்து ரீல்ஸ் போடுகிறவன். அதைப் பார்க்க ஒரு பெரிய கூட்டமே அவனுக்கு இருக்கிறது. வரிசை நகர்ந்தது. எழுப்பலாம் என்று போனான். தெய்வசிகாமணி சோகையில் மல்லாந்து படுத்து, கண் மூடிய நிலையில், ஒரு கையைத் தூக்கிக் காற்றில் எதையோ இழுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள… போயிடாத புள்ள… வந்துக்கினே இருக்கேன்… இந்தத் தாப்பா வேற மாட்டிக்கிச்சு… நில்லு புள்ள, தோ தொறந்துட்டேன்… நில்லு…"

நாளெல்லாம் "ம்" கொட்டுகிற மனிதர் இவ்வளவு பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். அஜித்குமார் தோளைத் தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, போனை எடுத்தான். படம் பிடித்து முடித்துவிட்டுத்தான் எழுப்பினான். அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. 'தாப்பா மாட்டிக்கிச்சு' என்று தலைப்புக் கொடுத்து, சிரிக்கிற பொம்மை நாலைத் தட்டி, லோடு இறக்குவதற்குள் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அந்தக் குரலை மட்டும் உருவி எடுத்து ஊர்பேர் தெரியாதவர்கள் வாயசைத்தார்கள். நேரம் கழித்து வீட்டுக்கு வரும் கணவன் வாசலில் நிற்க, உள்ளே மனைவி வாயசைத்தாள். குக்கர் மூடி திறக்காத பெண் வாயசைத்தாள். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு முழித்த ஒரு வெள்ளாட்டுக்குக்கூட தெய்வசிகாமணியின் குரலை ஒட்டவைத்தார்கள். 'யாரு பெருசு அந்தப் புள்ள?' என்பதுதான் கீழே எல்லோரும் கேட்ட கேள்வி. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பெண்ணைக் கற்பனை செய்து எழுதியும் வைத்தார்கள்.

உலகத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவர் தெய்வசிகாமணி. டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே "இன்னாண்ணா, தாப்பா தொறந்துக்கிச்சா?" என்றார். புரியவில்லை. பஸ் கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது "நில்லு புள்ள" என்றார். புரியவில்லை. கடைசியில் அரங்கநாதன்தான் களத்துமேட்டில் வைத்துக் காட்டினார். "யோவ், இந்த வயசுல எந்தப் புள்ளைக்குயா கதவு தொறக்கற? எங்களுக்கும் சொல்லேன்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

தெய்வசிகாமணி பார்த்தார். தன் தூக்கத்தை மனிதன் தானே பார்க்க முடியாது, அதுதான் இயற்கை. அதைக் கையகலக் கண்ணாடியில் வைத்து முகத்துக்கு நேரே காட்டினால் என்ன செய்வது? அந்தக் குரல் அவருக்கே யாரோ போல இருந்தது. இத்தனை இளகலாக, இத்தனை கெஞ்சலாகத் தன்னால் பேச முடியும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அது யாரிடம் பேசுகிறது என்பது தெரிந்துவிட்டது. காது மடல் சுட்டது. "ம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தூக்கத்தில் பேசுவார் என்பது இதற்கு முன் ஒருத்திக்குத் தெரியும். அவர் மனைவி கொளஞ்சியம்மாள். "முழிச்சிக்கினு இருக்கும்போது வாயில கொழக்கட்ட. தூங்கனா மட்டும் நல்ல மனுஷன்யா நீ" என்று காலையில் வாசல் தெளித்துக்கொண்டே கேலி செய்வாள். என்ன பேசினார் என்று அவரிடம்கூடச் சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சாகும்வரை, அவர் தூக்கத்தில் சொன்னதெல்லாம் அவளோடு நின்றது. அவளும் போன பிறகு வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் எவ்வளவு பேசினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இருந்துவிட்டார். யார்டு என்று ஒன்று இருப்பது நினைவில்லை.

அந்தப் 'புள்ள' அவருடைய மகள் செந்தமிழ்ச்செல்வி. ஒரே மகள். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, ஆல்பின் என்கிற எலெக்ட்ரீஷியனை விரும்பி, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டு சின்னசேலத்தில் குடியேறிவிட்டாள். சேதி வந்த அன்று தெய்வசிகாமணி சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கப் பம்புசெட்டில் போய்க் குளித்தார். "அவள தல முழுவிட்டேன். இனிமே அந்தப் பேச்ச எவனும் எடுக்கக் கூடாது" என்றார். எவனும் எடுக்கவில்லை. ஆனால் கொளஞ்சியம்மாள் திருட்டுத்தனமாக மகளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மகளின் போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அவள் செத்தபோது மகளுக்கு இவர் சொல்லியனுப்பவில்லை. யார் மூலமாகவோ கேள்விப்பட்டுச் செல்வி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, உறவுக்காரர்களும் கலைந்து, வீட்டில் இவர் மட்டும் இருந்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள். "அப்பா, நான்தான்ப்பா. கதவ தொறப்பா. அம்மா இருந்த எடத்த பாத்துட்டு போயிடறேன்." இவர் உள்ளே, கதவுக்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அழுதது. வெகுநேரம் கழித்து ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. செருப்புச் சத்தம் நகர்ந்தது. அப்போதுதான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். தெருவில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தாழ்ப்பாள் போடுவதில்லை. லோடுக்குப் போய் மறுநாள் திரும்பினாலும் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கும். "திருடன் வரமாட்டானா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் "வந்து இன்னாத்த எடுப்பான்?" என்பார். மகள் சின்னசேலத்தில் எந்தத் தெரு என்றும் தெரியாது, போய் நிற்க முகமும் இல்லை.

இப்போது அவர் மாட்டிக்கொண்டிருந்த இடம் இதுதான். அந்தப் 'புள்ள' மகள் என்று சொன்னால், தலைமுழுகினேன் என்று ஊரறியச் சொன்ன வாய் தூக்கத்தில் அவளைக் கெஞ்சுகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், பொண்டாட்டி செத்த பிறகு எவளையோ வைத்திருக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாவற்றையும்விட, அந்த வீடியோ சின்னசேலத்துக்கும் போகும். நேரில் ஒரு வார்த்தை பேசாதவன் தூக்கத்தில் உளறியதை அவள் ஒரு ஆட்டின் வாயிலிருந்து கேட்பாள். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அஜித்குமாரிடம் அவர் சண்டைக்குப் போகவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். பின்னால் ஆள் இருந்தால்தானே படம் பிடிக்க முடியும். கரும்பு வெயிலில் காய்ந்து எடை குறைகிறது என்று அரங்கநாதன் கத்தினார். அதற்கும் "ம்". டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள், பிறகு அவர் அங்கே நிற்பதையே மறந்துபோனார்கள்.

பஸ் ஸ்டாண்டில் சைபர் குற்றத்துக்குப் புகார் கொடுக்கலாம் என்று ஒட்டியிருந்தது அவருக்கு நினைவு இருந்தது. அரவை நிறுத்தி ஆலையைச் சுத்தம் செய்த ஒரு நாளில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். சைபர் பிரிவில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசுதா உட்காரச் சொன்னார். இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க படத்த வெச்சு யாராவது மெரட்டறாங்களா ஐயா?"

"இல்லீங்க."

"பணம் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஆபாசமா எதாச்சும்…"

"ஐயோ, தூங்கறேங்க. அவ்ளோதான்."

ஜெயசுதா தன் போனில் தேடி எடுத்துப் பார்த்தார். தேடுவதற்கே வேலை வைக்கவில்லை, முதலிலேயே வந்தது. உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். "அந்தரங்கம்ங்கறது அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இது எடுத்த எடம் யார்டு. நாலு பேரு வந்து போற எடம். எந்த செக்ஷன்ல போடறதுன்னுதான் பாக்கறேன்."

தெய்வசிகாமணி மேஜையைப் பார்த்தபடியே, "யார்டு மில்லுதுங்க மேடம். வண்டி மொதலாளியோடது. கரும்பும் அவுருதுதான். தூக்கம் என்னோடதுதானேங்க?" என்றார்.

"வாஸ்தவந்தாங்க" என்று சொன்ன ஜெயசுதா, பேனாவை மூடித் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். "ஒரு மனு எழுதிக் குடுங்க. வீடியோ போடற கம்பெனியும் பொகார் வாங்க ஒரு அதிகாரிய வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு, அவுங்களுக்கும் எழுதலாம். ஆனா ரெண்டுலயும், இதனால உங்களுக்கு இன்னா பாதிப்புன்னு தெளிவா எழுதணும். புள்ள, புள்ளன்னு கூப்பிடறீங்களே, உங்க சம்சாரமா?"

"அவ செத்துட்டாங்க."

"அப்ப யாருங்க?"

மறைக்க வந்த விஷயத்தை, மறைத்துத் தருவதற்காகவே எழுதித் தரச் சொல்கிறார்கள். தெய்வசிகாமணி தாளை எடுத்தார், இரண்டாக மடித்தார், பிரித்தார், திரும்ப மேஜையில் வைத்தார். "ம்" என்றார். அது ஜெயசுதாவுக்குப் புரிகிற வகை 'ம்' இல்லைதான். ஆனாலும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அஜித்குமாரின் நம்பரைத் தேடிப் பிடித்து, இவர் எதிரிலேயே பேசினார். போலீஸ் என்றதும் அவன் குரல் கம்மியாகிப் போனது இவர் காதுக்கும் கேட்டது. நாளைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"இவுரு எடுத்துடுவாரு ஐயா. ஆனா மத்தவங்க உங்க கொரல வெச்சு போட்டது ஜாஸ்தி இருக்கு. அதெல்லாம் ஒவ்வொண்ணா லிங்க் குடுத்து, ஒவ்வொண்ணா கேக்கணும்."

"எல்லாத்தையும் எடுத்துட முடியுங்களா?"

ஜெயசுதா பொய் சொல்லவில்லை. "பாக்கலாங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கல்வராயன் மலை மேற்கே மங்கலாகக் கூடவே வந்தது. சங்கராபுரத்தில் ஏறிய ஒரு பெண், மடியில் அடம்பிடித்த குழந்தைக்குப் போனைக் கொடுத்தாள். குழந்தை விரலால் தள்ளிக்கொண்டே வந்தது. திடீரென்று பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏ புள்ள… போயிடாத புள்ள…" குழந்தை கைகொட்டிச் சிரித்தது. மறுபடி வைத்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டு, துணைக்குச் சிரிக்கட்டும் என்பதுபோல் தெய்வசிகாமணியைப் பார்த்தார். இவர் துண்டை எடுத்து மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்தார். அந்த பஸ்ஸில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் குரலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொளஞ்சி இருந்தால் இதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள்தான், நாம் முதலில் பார்த்த அந்த மதியம். வந்த வண்டிகளை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுச் சோகையில் படுத்தவர் கண் அயரவில்லை. காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். அஜித்குமார் தன் வண்டியை ரோட்டோரமே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வாய்க்கட்டைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. ஜாலிக்குன்னு போட்டுட்டேன். எழுப்பறத வுட்டுட்டு படம் புடிச்சது தப்புதான். உங்க கண்ணு முன்னாடியே எடுத்துடறேன், நீங்களே பாத்துக்கோங்க."

தெய்வசிகாமணி துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். "எடு" என்றார். பார்க்க மாட்டேன் என்பதுபோல் எடைமேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஜித்குமார் போனைத் தள்ளிக்கொண்டே குற்ற உணர்ச்சியில் ஏதேதோ பேசினான். "மொத நாளே ஒரு பொண்ணுகூட எடுக்கச் சொல்லி எழுதிச்சுண்ணா. நாந்தான் கண்டுக்கல. அப்ப ஆளாளுக்கு 'இது எங்கப்பா', 'இது எங்க மாமனாரு'ன்னு வெளாட்டுக்குப் போட்டுக்கினு இருந்தாங்க. இதுவும் அப்படித்தான்னு வுட்டுட்டேன்."

எடைமேடையைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. "இன்னா எழுதியிருக்குது?"

அஜித்குமார் படித்தான். "'இவர் எங்க அப்பா. தூங்குறவர போய் இப்படி எடுத்திருக்கீங்களே. தயவுசெஞ்சு இத எடுத்துடுங்க. எங்கப்பாவ தூங்க விடுங்க.'"

"பேரு?"

"செந்தமிழ் ஆல்பின்னு இருக்குண்ணா. சின்ன பாப்பா போட்டோ வெச்சிருக்காங்க."

தெய்வசிகாமணி கையை நீட்டினார். சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். போன் கைக்கு வந்ததும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டார். துவரம்பருப்பு அளவு வட்டத்துக்குள் ஒரு பெண் குழந்தை. கொளஞ்சியின் அகன்ற நெற்றி. கதவுக்கு அந்தப் பக்கம் அழுத குழந்தை இதுதான், இப்போது பொட்டு வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறது. மகள் எழுதியதற்குக் கீழே யார் யாரோ நக்கல் செய்திருந்தார்கள், 'அப்பாவுக்குக் கதவத் தொறந்து வுடும்மா' என்று. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அப்பா என்று எழுதியதை அழிக்கவும் இல்லை.

ஆக, அவள் கேட்டுவிட்டாள். எதற்காக இத்தனை நாள் பயந்தாரோ அது முதல் நாளே நடந்து முடிந்திருக்கிறது. கேட்டவள் சிரிக்கவில்லை, அவருக்கும் முன்னால் அவருக்காகப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"எடுத்துடட்டாண்ணா?"

"எடுத்துட்டா இது இன்னாவும்?" குழந்தையின் படத்தைத் தொடாமல் விரலால் காட்டினார்.

"எல்லாம் சேந்து போயிடும்ணா. அதுல எழுதனது, கிழுதனது எல்லாம்."

முன்னால் இருந்த வண்டிகள் உறுமி நகர்ந்தன. இரண்டு பேரும் அசையவில்லை.

"இதுக்கு பதிலு எழுத முடியுமா?"

"எழுதலாம்ணா. இன்னான்னு எழுதணும்? சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். தூக்கத்தில் அவ்வளவு சுலபமாக வந்தது முழித்திருக்கும்போது தொண்டைக்குள்ளேயே நின்றது. துண்டின் முனையை முறுக்கினார், பிரித்தார். "வூட்டுல…" என்றார். "வூட்டுல இப்பல்லாம் தாப்பா போடறதில்லன்னு எழுது."

அஜித்குமார் அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் புள்ள யார் என்று நாடு முழுக்கக் கேட்ட கேள்விக்குப் பதில் அவனுக்கு அப்போது தெரிந்தது. அப்படியே அடித்தான். அடித்து முடித்து, "கடைசியில அப்பான்னு போடட்டுமாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ம்."

அனுப்பினான். "போயிடுச்சு. ஆனா இப்ப நான் வீடியோவ எடுத்துட்டன்னா அவுங்க இத பாக்க முடியாதுண்ணா."

"எப்ப பாக்கும்?"

"அது தெரியாது. வேலையில இருந்தா சாயந்தரம் ஆவும், ராத்திரி ஆவும்."

"அப்ப இன்னிக்கி இருக்கட்டும். அது பாத்தப்பறம் எடு."

"மேடம் இன்னிக்கே எடுக்கச் சொன்னாங்களே."

"மேடத்துகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அதுவரைக்கும் எல்லாம் பாத்து சிரிச்சிக்கினு இருப்பானுங்களேண்ணா."

"சிரிக்கட்டும் வுடு" என்றார் தெய்வசிகாமணி.

அஜித்குமார் போய்த் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தான். வழக்கம்போல் முன்னால் போகச் சொல்வார் என்று நினைத்து ஒதுங்கித் தாண்டப் பார்த்தான். தெய்வசிகாமணி எழுந்து நின்று கையைக் காட்டித் தடுத்தார்.

"பின்னாலயே நில்லு. லைன் நவுந்தா எழுப்பு."

பிறகு சோகையில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த துண்டின் முடிச்சை அவிழ்த்தார். அதை உதறி, நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி மல்லாந்து படுத்தார்.